சிறுமூளை ஸ்லைடில் எந்தச் செல் எது? கறுத்துச் சுருங்கிய பர்கின்ஜி செல்கள் பற்றி ஓர் ஐயம்

கயல்_விலங்கியல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, ஆய்வேட்டுக்காக விஸ்டார் வெள்ளெலிகளின் சிறுமூளையை எடுத்து, ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபினில் பொதித்து, 5 மைக்ரோமீட்டர் தடிப்பில் வெட்டி, ஹீமடாக்ஸிலின் (நீலம்), ஈயோசின் (இளஞ்சிவப்பு) சாயங்களை ஏற்றியிருக்கிறேன். மூன்று அடுக்குகளைப் பிரித்தறிவதில் சிக்கல் இல்லை. வெளியே வெளிர் இளஞ்சிவப்பாக மூலக்கூறு அடுக்கும், அதன் அடியில் ஒற்றை வரிசையாகப் பர்கின்ஜி செல்கள் எனப்படும் பெரிய நரம்புச் செல்களும், அதற்கும் கீழே நீலப் புள்ளிகள் அடர்ந்த சிறுமணி அடுக்கும் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் இருக்கும் செல்கள் எவை எவை என்று சொல்ல முற்படும்போதுதான் தடுமாறுகிறேன்.

பாடநூல் படத்தில் பர்கின்ஜி செல் பெரிய மரம்போல் கிளை விரித்து நிற்கிறது. என் ஸ்லைடிலோ குடுவை போன்ற உடலும் அதிலிருந்து மேலெழும் ஒரு குட்டைத் தண்டும் மட்டுமே தெரிகின்றன. பல செல்களில் அந்தத் தண்டும் இல்லை. சிறுமணி அடுக்கில் நீலப் புள்ளிகளுக்கு நடுவே உட்கரு எதுவும் இல்லாத இளஞ்சிவப்புத் திட்டுகள் ஆங்காங்கே இருக்கின்றன. அவை திசு கிழிந்த இடங்களா? அதே அடுக்கில் சிறுமணிச் செல்லைவிடப் பெரிய செல்கள் ஒன்றிரண்டு தனித்துக் கிடக்கின்றன. அவை இடம் மாறிய பர்கின்ஜி செல்களா, கோல்கை செல்களா? கூடைச் செல் என்று படித்தேன், ஆனால் கூடையை எங்கும் காணவில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று. பர்கின்ஜி செல்களில் கணிசமானவை கருநீலமாகச் சுருங்கி, தண்டு திருகாணிபோல் முறுக்கிக்கொண்டு காணப்படுகின்றன. என் ஆய்வு ஒரு பூச்சிக்கொல்லியின் விளைவைப் பற்றியது. இவற்றை நச்சின் சேதம் என்று எழுதலாம் என உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பூச்சிக்கொல்லி கொடுக்காத ஒப்பீட்டு எலிகளிலும் இதே செல்கள் இருக்கின்றன. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

திசுவியல்_ஆசிரியர் எழுதியது:

கயல், உங்கள் முதல் ஐயத்தின் விடை மற்றவற்றுக்கும் வழி காட்டும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பர்கின்ஜி செல்லின் டென்ட்ரைட் மரம், அதாவது செய்தி வாங்கும் கிளைகளின் தொகுதி, எல்லாப் பக்கமும் பரந்து வளரும் மரம் அன்று. பனையோலை விசிறியைப் போலத் தட்டையானது. வெள்ளெலியில் அதன் அகலம் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர் இருக்கும். தடிப்போ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். விசிறியை முகப்பாகப் பார்த்தால் முழு அகலமும் தெரியும், விளிம்பாகப் பார்த்தால் ஒரு பட்டைதான் தெரியும். சிறுமூளையின் நடுப்பகுதியில் மடிப்புகள் இடவலமாக ஓடுகின்றன. விசிறிகள் அம்மடிப்புகளுக்குக் குறுக்காக, அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கிய தளத்தில் நிற்கின்றன. ஆகவே சாஜிட்டல் வெட்டில் (மூளையை இட, வலப் பகுதிகளாகப் பிரிப்பது) விசிறியின் முகமும், கொரோனல் வெட்டில் (முன், பின் பகுதிகளாகப் பிரிப்பது) அதன் விளிம்பும் கிடைக்கும். மூளையை எந்தத் திசையில் பொதித்தீர்கள் என்று உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். திசை சரியாக இருந்தாலும், 5 மைக்ரோமீட்டர் வெட்டில் மரத்தின் ஒரு சீவல்தான் அகப்படும். ஈயோசின் மெல்லிய கிளைகளைச் சுற்றியுள்ள இழைகளிலிருந்து பிரித்துக் காட்டாது. பாடநூல் படம் முற்றிலும் வேறொரு முறையில் கிடைத்தது.

அந்த முறையின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். இதயத்தின் பர்கின்ஜி இழைகளுக்குப் பெயர் தந்த அதே யான் பர்கின்ஜி 1837-இல் இந்தச் செல்களை விவரித்தபோது, அவர் கண்டதும் நீங்கள் காண்பதைப் போன்ற உடலும் தண்டின் தொடக்கமும்தான். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த திசுவை வெள்ளி நைட்ரேட்டில் இட்டால் மிகச் சில நியூரான்கள் (நரம்புச் செல்கள்) மட்டும் அடி முதல் நுனி வரை கறுப்பாகும் என்பதை இத்தாலியின் கமில்லோ கோல்கை 1873-இல் வெளியிட்டார். எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் வெட்டு முழுவதும் ஒரே இருளாகி ஒன்றும் தெரிந்திருக்காது. நூற்றில் ஒரு சிலவே கறுப்பதுதான் அந்த முறையின் பெருமை. ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதே முறையைச் செம்மைப்படுத்திப் பறவைகளின் சிறுமூளையில் பயன்படுத்தி, 1888-இல் எழுதிய கட்டுரையில், நீங்கள் தேடும் அந்தக் கூடையை வரைந்து காட்டினார். மூலக்கூறு அடுக்கின் அடிப்பகுதியில் இருக்கும் சிறு செல்லின் ஆக்ஸான், அதாவது செய்தி அனுப்பும் இழை, விசிறிகளின் தளத்திலேயே ஓடி, வழியில் ஒவ்வொரு பர்கின்ஜி செல்லுக்கும் ஒரு கிளையை இறக்கி, அதன் உடலைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கிளை பர்கின்ஜி செல்லுக்குள் கலக்கவில்லை என்பதைக் கண்டதுதான், நியூரான்கள் தனித்தனிச் செல்கள், ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்ற கொள்கைக்கு வலுவான சான்றாயிற்று. நரம்பு மண்டலம் முழுவதும் இடைவிடாத ஒரே வலை என்று கோல்கை கடைசி வரை வாதிட்டார். 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு தரப்பட்டது.

இனி உங்கள் இளஞ்சிவப்புத் திட்டுகள். அவை கிழிசல் அல்ல. அந்த அடுக்கில் நடக்கும் இணைப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன. சிறுமணிச் செல்லின் உடல் 5 முதல் 8 மைக்ரோமீட்டர் வரைதான் இருக்கும். உட்கருவைச் சுற்றி மெல்லிய விளிம்பாகவே சைட்டோபிளாசம் இருப்பதால், சாயத்தில் வெறும் நீலப் புள்ளியாகத் தெரிகிறது. ஆனால் அதிலிருந்து பெரும்பாலும் நான்கு குட்டை டென்ட்ரைட்டுகள் கிளம்பி, ஒவ்வொன்றும் பறவையின் கால் நகங்கள்போல் விரிந்து முடிகின்றன. தண்டுவடத்திலிருந்தும் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலிருந்தும் வரும் பாசி இழை, ஆங்காங்கே பருத்து ரோஜாவடிவ முனைகளாகிறது. அந்தப் பருமனை நடுவில் வைத்துப் பல சிறுமணிச் செல்களின் நகங்கள் பற்றிக்கொள்ள, வெளிவட்டத்தில் கோல்கை செல்லின் ஆக்ஸான் வந்து சேர, எல்லாவற்றையும் சுற்றி கிளியா என்னும் துணைச் செல்லின் உறை மூட, அந்தத் தொகுதி முழுவதும் குளோமெருலஸ் எனப்படுகிறது. உட்கரு இல்லாமல் இழை முனைகளே நெருங்கிக் கிடப்பதால்தான் அது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சிறுநீரகத்தின் குளோமெருலசோடு பெயர் மட்டுமே பொதுவானது.

சிறுமணிச் செல்லின் ஆக்ஸான் நேராக மேலேறி, மூலக்கூறு அடுக்கில் டி எழுத்துபோல் இரண்டாகப் பிரிந்து, மடிப்பின் நீளவாக்கில் சில மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. இதுவே இணை இழை. விசிறிகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் குறுக்கே நூல் கோப்பது போன்ற அமைப்பு இது. வெள்ளெலியில் ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஏறத்தாழ 270 சிறுமணிச் செல்கள் இருக்கின்றன. ஒரு விசிறி மீது சுமார் 1,75,000 இணை இழை இணைப்புகள் அமைகின்றன. விசிறி ஏன் தட்டையாக இருக்கிறது என்று என் மாணவர்கள் கேட்கும்போது, நூல் ஓடும் திசையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குறுகிய இடத்தில் இத்தனை நூல்கள் இத்தனை விசிறிகளைத் தொட வேண்டுமானால், இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதே ஏற்ற வழி.

இதற்கு மாறாக, மூளைத்தண்டின் அடிப்பகுதியான மெடுல்லாவில் கீழ் ஆலிவ் என்னும் நரம்புச் செல் திரளிலிருந்து வரும் ஏறும் இழை, ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒன்றே ஒன்று என்ற கணக்கில், விசிறியின் தடித்த கிளைகளைக் கொடிபோல் பற்றி மேலேறுகிறது. அந்த ஒற்றை இழை பர்கின்ஜி செல்லோடு பல நூறு இடங்களில் இணைந்திருப்பதால், அது ஒருமுறை தூண்டினாலே செல் தவறாமல் பதிலளிக்கிறது.

கறுத்த செல்களைப் பற்றி ஆய்வகத்தில் கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வதே பொருத்தம்.

மைக்ரோடோம்_கை எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திசு வெட்டும் பணியில் இருக்கிறேன். கயல், முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தச் செல்களை நச்சின் சேதம் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஒப்பீட்டு எலியிலும் இருக்கின்றன என்று நீங்களே கவனித்திருக்கிறீர்கள். அந்தக் கவனிப்பைக் கைவிடாதீர்கள்.

உடலும் உட்கருவும் ஒன்றாகக் கறுத்து, சுருங்கி, டென்ட்ரைட் தண்டு திருகாணிபோல் முறுக்கிய செல்லைக் கருநியூரான் என்போம். நிலைப்படுத்தும் கரைசல் முழுதாக ஊறாத மூளையை விரலால் அழுத்தினாலோ, மண்டையோட்டிலிருந்து இழுத்து எடுத்தாலோ, கத்தியால் நறுக்கினாலோ இது உண்டாகிறது. 1960-களிலேயே விரிவாக ஆராயப்பட்ட செய்தி இது. இன்றும் பல ஆய்வேடுகளில் இது சேதமாகவே எண்ணப்படுகிறது. உண்மையான ஆக்சிஜன் இழப்பால் இறக்கும் பர்கின்ஜி செல் வேறு விதமாகத் தெரியும். அதன் சைட்டோபிளாசம் நீலமாக இராது, பளிச்சென்ற சிவப்பாக மாறும். சைட்டோபிளாசத்தில் நீலச் சாயம் ஏற்கும் நிஸ்ஸில் துகள்கள் மறையும். உட்கரு சிறுத்துக் கெட்டியாகும். இந்த மாற்றம் தெரிவதற்கு விலங்கு பாதிப்புக்குப் பிறகு சில மணி நேரமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். உங்கள் செல்கள் கருநீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறமே பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடுகிறது. கறுத்த செல்கள் மடிப்பின் மேற்பரப்பை ஒட்டிக் கூட்டமாக இருக்கின்றனவா, பள்ளங்களின் ஆழத்தில் குறைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அழுத்தம் பட்ட பக்கத்தில் மட்டும் கூடியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இனி செய்ய வேண்டியது: மயக்கத்தில் இருக்கும்போதே இதயத்தின் இடக் கீழறை வழியாக முதலில் உப்புக் கரைசலையும் பிறகு நிலைப்படுத்தும் கரைசலையும் செலுத்துங்கள். செலுத்தி முடித்ததும் மூளையை உடனே எடுக்காதீர்கள். பெரும்பாலோர் பிழை செய்வது இந்த இடத்தில்தான். தலையை அப்படியே கரைசலில் ஓர் இரவு குளிரில் வைத்து, மறுநாள் மண்டையோட்டைத் திறந்தால், பர்கின்ஜி வரிசை வெளிர் ஊதா உடலும், நடுவில் வெளுத்த பெரிய உட்கருவும், அதற்குள் ஒரே கருமணிபோல் நியூக்ளியோலசுமாக அமைதியாகத் தெரியும். எங்கள் ஆய்வகத்திலும் ஒருமுறை, அவசரத்தில் எடுத்த ஒரு தொகுதி மூளைகள் முழுவதையும் இதனாலேயே விலக்க நேர்ந்தது. விலங்குகளின் உயிர் வீணானதே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

மற்றொரு பொறியும் உண்டு. இறந்த பிறகு நேரம் கடந்து எடுத்த மூளையில் சிறுமணி அடுக்கு வெளுத்து, செல் எல்லைகள் கரைந்து, பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். மனித உடற்கூறாய்வுத் திசுவில் இதை அடிக்கடி பார்க்கிறோம். அதையும் நோயாகக் கொள்ளக் கூடாது.

கூடையைப் பார்க்க விரும்பினால் பீல்ஷோவ்ஸ்கி வெள்ளிச் சாயம் போதும். பாரஃபின் வெட்டிலேயே செய்யலாம். பர்கின்ஜி உடலின் கீழ்ப்பாதியைச் சுற்றிக் கறுத்த நூல்கள் வளைந்து, ஆக்ஸான் தொடங்கும் இடத்தில் தூரிகை நுனிபோல் குவிவதைக் காண்பீர்கள். பர்கின்ஜி செல் அழிந்துபோன நோய்களில் கூடை மட்டும் காலியாக நிற்கும். உள்ளே ஒரு செல் இருந்தது என்பதற்கு அதுவே தடயம். உங்கள் ஆய்வுக்கு இது நேரடியாக உதவும். பூச்சிக்கொல்லி உண்மையிலேயே பர்கின்ஜி செல்களைக் கொன்றிருந்தால் காலிக் கூடைகள் இருக்க வேண்டும், அவற்றை எண்ணலாம். முழு மரத்தையும் பார்க்க வேண்டுமானால் கோல்கை–காக்ஸ் முறையில் 100 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்த வெட்டுகள் தேவை. அதில் மெர்குரிக் குளோரைடு உண்டு. கையுறையும் காற்றோட்டப் பெட்டியும் இல்லாமல் தொட வேண்டாம், கழிவைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம்.

இழைமுனை எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவு. இரண்டு இடங்களில் மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஓர் ஏறும் இழை என்பது நெடுங்காலமாகப் பாடநூல்களில் இருக்கும் விதி. சுண்டெலியில் பெரும்பாலான செல்களுக்குப் பொருந்தும். பிறந்த குட்டியில் ஒரு செல்லைப் பல ஏறும் இழைகள் தொடுகின்றன. மூன்றாம் வாரத்துக்குள் ஒன்று தங்கி மற்றவை விலகுகின்றன. ஆனால் 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடலிலிருந்தே இரண்டு முதன்மை டென்ட்ரைட்டுகள் கிளம்பும் பர்கின்ஜி செல்களில், ஒரு பகுதிக்கு வளர்ந்த சுண்டெலியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஏறும் இழைகள் இருப்பதைக் காட்டியது. சுண்டெலியில் ஏறத்தாழப் பாதிச் செல்களே அப்படிப் பல தண்டுகள் கொண்டவை அல்லது தொடக்கத்திலேயே பிளந்தவை. மனிதரில் மிகப் பெரும்பாலானவை அப்படி. ஆகவே கொறித்துண்ணிகளில் பார்த்ததை மனிதரின் சிறுமூளைக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் கவனம் வேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் செல்லின் வடிவமே அது எத்தனை குரல்களைக் கேட்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, சிறுமணி அடுக்கில் தனித்துக் கிடக்கும் பெரிய செல்கள். உடலின் அளவை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது அந்த அடுக்கில் இயலாது. கோல்கை செல்லின் டென்ட்ரைட்டுகள் மேலே மூலக்கூறு அடுக்குக்கு ஏறி இணை இழைகளிடம் செய்தி வாங்குகின்றன. ஆக்ஸான் கீழே அடர்ந்த புதர்போல் கிளைத்துக் குளோமெருலசுகளில் முடிந்து, சிறுமணிச் செல்களை அடக்குகிறது. பர்கின்ஜி வரிசைக்குச் சற்றுக் கீழே, படுத்த நிலையில் கதிர்போல் நீண்டிருப்பது லுகாரோ செல்லாக இருக்கலாம். மூன்றாவதாக, ஒற்றைத் தூரிகைச் செல் உண்டு. அதற்கு ஒரே ஒரு குட்டை டென்ட்ரைட், அதன் நுனியில் தூரிகை போன்ற கொத்து. ஒரு பாசி இழையின் ஒரு பருமனை அந்தக் கொத்து முழுவதுமாகத் தழுவிக்கொள்கிறது. கோல்கை, லுகாரோ செல்கள் அடக்குபவை. தூரிகைச் செல் தூண்டுவது. கஹாலின் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்ட அடுக்கிலேயே இந்தச் செல்லுக்கு உரிய பெயரும் இடமும் கிடைத்தது 1990-களில்தான்.

பிரித்தறிய, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக் காட்டும் எதிர்ப்பொருள் சாயங்கள் உதவும். கால்பைண்டின் பர்கின்ஜி செல்லை மர நுனி வரை காட்டும். கோல்கை செல் அதில் தெரியாது. எனவே இடம் மாறிய பர்கின்ஜி செல்லா என்ற உங்கள் கேள்விக்கு ஒரே சாயத்தில் விடை கிடைத்துவிடும். தூரிகைச் செல்லுக்கு டிபிஆர்2 நல்லது. கால்ரெட்டினினைப் பலர் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் அது தூரிகைச் செல்களில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது, வெள்ளெலியில் லுகாரோ செல்லிலும் ஏறுகிறது.

கயல்_விலங்கியல் எழுதியது:

திசுவியல் ஆசிரியர் ஐயாவுக்கும், மைக்ரோடோம்_கை அவர்களுக்கும், இழைமுனை அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்தருள்க. செய்து பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

குறிப்பேட்டைப் பார்த்தேன். முன்பு பொதித்த மூளைகள் அனைத்தும் கொரோனல் திசையில் இருந்தன. கறுத்த செல்களும் மடிப்புகளின் மேல்முகட்டிலேயே கூடியிருந்தன. பள்ளங்களின் அடியில் பர்கின்ஜி செல்கள் இயல்பாகவே இருந்தன. நெறிமுறைக் குழு முன்பே அனுமதித்த எண்ணிக்கையில் எஞ்சியிருந்த இரண்டு ஒப்பீட்டு எலிகளில், நீங்கள் சொன்னபடி இதயம் வழியே கரைசலைச் செலுத்தி, தலையை ஓர் இரவு வைத்து, சாஜிட்டல் திசையில் வெட்டினேன். பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகளைத் தொடர்ந்து பார்த்தும் ஒரு கருநியூரான்கூட இல்லை. வெளுத்த உட்கருவும் அதற்குள் அந்த ஒற்றைக் கருமணியும் செல்லுக்குச் செல் வரிசையாக நின்றதைக் கண்டபோது, நெடுநேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

பீல்ஷோவ்ஸ்கி சாயம் இரண்டாம் முயற்சியில் கைகூடியது. ஒரு செல்லின் அடியில் ஐந்தாறு கறுத்த நூல்கள் கைப்பிடிபோல் வளைந்து, கீழே ஒரு கூர்முனையில் சேர்வதைத் தெளிவாகக் கண்டேன். பூச்சிக்கொல்லி கொடுத்த எலிகளின் பழைய பாரஃபின் கட்டிகள் கைவசம் இருக்கின்றன. அவற்றில் காலிக் கூடைகளை எண்ணலாம் என்றிருக்கிறேன். கருநியூரான்கள் நிறைந்த அந்தக் கட்டிகளில் இந்த எண்ணிக்கை நம்பத்தக்கதாக இருக்குமா?

மைக்ரோடோம்_கை எழுதியது:

எண்ணலாம், கயல். கருநியூரான் சுருங்கியிருந்தாலும் கூடைக்குள் உட்கார்ந்துதான் இருக்கும். காலிக் கூடையில் எதுவும் இராது. ஆனால் 5 மைக்ரோமீட்டர் வெட்டில், உடல் அடுத்த வெட்டுக்குப் போய்விட்டதால் காலியாகத் தோன்றும் கூடைகளும் இருக்கும். அதனால் அடுத்தடுத்த மூன்று நான்கு வெட்டுகளை வரிசையாக ஏற்றி, ஒரே கூடையை எல்லாவற்றிலும் தொடர்ந்து பார்த்து, எதிலும் உடல் இல்லை என்றால் மட்டும் காலி எனக் குறியுங்கள். கொரோனல் வெட்டில் கூடை நூல்கள் நீளவாக்கில் கிடைக்காமல் குறுக்கே அறுபட்டுத் தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கட்டியை மெதுவாக உருக்கி, சாஜிட்டல் திசையில் மறுபடி பொதித்துவிட்டு வெட்டுவது நல்லது. எந்த எலி எந்தக் குழு என்பது தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.